வளைவில் ஒரு பூசணிக்காய்க் கல்

"வளைவு சார் தவறிட்டாரு. நாளைக்குக் காலையில அடக்கம்." மினிபஸ் டிரைவர் மாரியப்பன் போனில் இவ்வளவுதான் சொன்னார். நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஞானமுத்து அவர்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே அந்த வளைவு. யாராவது விழுந்தால் அடுத்த அமாவாசையில் வண்டிக்காரர்கள் அங்கே பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிப்பார்கள். அந்தச் சதையில் வழுக்கி இன்னொருவர் விழுவார். அடுத்த அமாவாசைக்குக் காய் கூடும். புது ஸ்கூட்டருக்காக நானும் ஒன்று உடைத்தேன். வண்டியைத் திருப்பி, நான் உடைத்த காயிலேயே விழுந்தேன். தூக்கிவிட்டவர் ஞானமுத்து சார்.

"காய் ஒடஞ்சிட்டு. கை ஒடஞ்சிருக்கான்னு பாருங்க."

நான் பேண்டேஜ் துணி வியாபாரி என்றதும், "அப்ப உங்க தொழிலக் கெடுக்கத்தான் நான் வந்திருக்கேன்" என்றார்.

சாலையை அகலப்படுத்த அவர் எழுதிய திட்டம் நிதியில்லை என்று திரும்பிவிட்டது. எனவே கைக்கு எட்டியதைச் செய்தார். பார்வையை மறைத்த கிளைகளை வெட்டவைத்தார். பஸ் நிறுத்தத்தை வளைவுக்கு அப்பால் தள்ளினார். மிச்சம் பூசணிக்காய். ஓய்வு பெறுவதற்குள் அங்கே ஆள் விழுவது நிற்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். சாலையோர மண்ணில், காய் உடைக்கவென்று ஒரு பழைய கல்லைப் படுக்கப்போட்டார்.

"வேதக்காரரு நம்ம சாமிக்கு வழி சொல்ல வாராரு" என்று, சார் கிறிஸ்தவர் என்பதைக் குத்திக்காட்டி மாரியப்பன் சிரித்தார். நானும் சிரித்தேன், கையில் கட்டோடு.

"ஒடைக்க வேண்டாம்னு யாருய்யா சொன்னா? ரோட்ட விட்டு எறங்கி ஒடைங்க" என்றார் சார்.

யாரும் இறங்கவில்லை. அடுத்த அமாவாசையில் விளக்குமாறும் ஒரு சட்டி மணலுமாக வந்து நின்றார். ஆளாளுக்கு உடைக்க, அவர் சதையைக் கூட்டித் தள்ளி, வழுக்காமலிருக்க மணல் தூவினார். மாரியப்பன் முறை வந்தது. காயைக் கல்லுக்குக் கொண்டுபோனார்.

"அவிய கூட்டுறதப் பாத்துட்டு ரோட்டுல போட மனசு வரல" என்று என்னிடம் முணுமுணுத்தார். பிறகு எல்லாரும் கல்லுக்கே போனார்கள். ஆள் விழுவதும் நின்றது.

ஓய்வுக்குப் பிறகும் சார் அமாவாசை தவறவில்லை. "வீட்டக் கூட்டச் சொன்னா மட்டும் இடுப்பு வலிக்கும்பாக" என்பது அவர் மனைவியின் புகார்.

அடக்கத்தன்றும் அமாவாசை. சார் போன வண்டிக்குப் பின்னால் மினிபஸ்ஸில் போனோம். வளைவில் கல் நிறையக் காய். ஒரு துண்டு மட்டும் சாலைக்கு உருண்டிருந்தது. மாரியப்பன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னைப் பார்த்தார். இறங்கினேன். கையாலேயே அள்ளிப்போட்டு, மண் தூவிக் காலால் தேய்த்தேன்.

நீங்கள் போங்கள் சார். பின்னால் வருகிறவர்களுக்கு வழுக்காது.