பால்கனியில் குடியிருந்த கணினி

என் கணவரைப் பொறுத்தவரை கணினி என்பது ஏசி அறையில் இருக்க வேண்டிய பொருள். யாழ்ப்பாணத்தில் அவர் கணினி படித்த டியூட்டரியில் கணினி இருந்த ஓர் அறைக்குத்தான் ஏசி இருந்ததாம். செருப்பை வெளியே கழற்றி விட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டுமாம். மாஸ்டருக்கு வேர்த்தாலும் பரவாயில்லை, கணினிக்கு வேர்க்கக் கூடாது. மொன்றியலுக்கு வந்து இத்தனை காலமாகியும் அந்தப் பக்தி அவரை விட்டுப் போகவில்லை.

அதனால் சென்ட் லோரன்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், கண்ணாடி அடைத்த பின்பக்கப் பால்கனியில்தான் எங்கள் கணினிக்குக் குடியிருப்பு. அங்கே ஹீட்டர் கிடையாது. கோடையில் நல்ல இடம்தான். குளிர்காலத்தில் நான் ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாகத்தான் அதன் முன்னால் உட்காருவேன். முறையிட்டால், "உமக்குக் குளிர்ந்தா உடுப்புப் போடலாம், அதுக்குச் சூடேறினா என்ன செய்யிறது?" என்பார்.

நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வேலை அலுத்துப்போயிருந்தது. கார்டெரி என்று இங்கே சொல்லும் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது என் கொள்ளை ஆசை. ஒரு காப்பகத்தில் என்னை எடுக்கத் தயாராகவும் இருந்தார்கள். பிரெஞ்சு எழுத்துத் தேர்வில் தேறினால் போதும். வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் முன்கூட்டியே பதிவு செய்துவைத்த கணினியில் மட்டும்தான். கைப்பேசியிலோ அடுத்த வீட்டுக் கணினியிலோ எழுத முடியாது.

தேர்வு நெருங்கிய ஜனவரி வாரத்தில், நான் பதிவு செய்திருந்த எங்கள் பால்கனிக் கணினி மக்கர் பண்ணத் தொடங்கியது. போட்டவுடன் கறுப்புத் திரையில் ஒரு செய்தி: விசிறியில் கோளாறு, எஃப் 1 விசையை அழுத்தவும். அழுத்தினால் அமைப்புகள் பக்கம் வரும். அங்கிருந்து வெளியேறினால் பழையபடி அதே செய்தி. செக்குமாடு மாதிரி நாங்களும் சுற்றிச் சுற்றி வந்தோம்.

கணவர் பெட்டியைக் கழற்றினார். பெயின்ட் பிரஷால் தூசி தட்டினார், ஊதினார், வயரைப் பிடுங்கிச் செருகினார். கடைசியில் புது விசிறியே வாங்கிப் பூட்டினார். அமைப்புகள் பக்கத்தில் விசிறியின் வேகம் சிவப்பு எழுத்தில் இன்னும் குறைவாகக் காட்டியது. விசிறிக்குத் தெம்பு போதவில்லை, நாம்தான் கைகொடுக்க வேண்டும் என்று நினைத்து, பால்கனி ஜன்னலையும் ஒரு விரலளவு திறந்து வைத்தார். மறுநாள் வேகம் பூச்சியம்.

தேர்வு நாளும் வந்தது. காலையில் அவர் பால்கனியில் திருகாணி கழற்றிக்கொண்டிருக்க, நான் வாசலில் நின்று கத்தினேன்.

"இஞ்சாருங்கோ, ரெண்டு மணிக்குச் சோதினை. இது ஓடுமோ, ஓடாதோ?"

"கொஞ்சம் பொறும். ஃபேன் சுத்த மாட்டனெண்டு நிக்குது."

"ஏன் சுத்தும்? இந்தக் குளிருக்க நானெண்டாலும் ஃபேனை நிப்பாட்டித்தான் வைப்பன்!"

எரிச்சலில் சொன்ன வார்த்தைதான். ஆனால் அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. குனிந்து திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை நாளும் எங்கள் கண் அந்தச் சிவப்பு எழுத்திலேயே இருந்தது. அதற்கு மேல் வரியில், வெள்ளை எழுத்தில், கணினியின் வெப்பநிலையும் இருந்தது: ஒன்பது பாகை.

பாவம், அது சூட்டால் தவிக்கவே இல்லை. சூடு குறைந்தால் விசிறியின் வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும் கணினி அது. எங்கள் பால்கனிக் குளிரில் நிறுத்தியே விட்டது. பிறகு, போட்டவுடன் தன்னையே சோதித்துப் பார்த்து, ஐயோ விசிறி நின்றுவிட்டது என்று கூச்சல் போட்டிருக்கிறது. தானே செய்துவிட்டுத் தானே கத்துகிற ஆட்கள் வீடுகளிலும் உண்டு. யாரென்று நான் சொல்லவில்லை.

கணினியை இருவரும் தூக்கிக்கொண்டு வந்து, பெட்டியைச் சமையலறை மேசையடியிலும் திரையை மேசைமேலும் வைத்தோம். நான் சுவிட்சில் கை வைக்கவும் பாய்ந்து தடுத்தார்.

"உடன போடாதேயும்! குளிருக்கயிருந்து வந்தது, உள்ளுக்கு ஈரம் பூத்திருக்கும். வெளியில போயிட்டு வந்தா உம்மட கண்ணாடி பூக்கிறேல்லையே?"

அவர் சொன்னது சரிதான். பெட்டியின் தகரத்தில் நீர் பூத்திருந்தது. தான் உடுத்துப் பழசான சாரம் ஒன்றைக் கொண்டுவந்து, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் துடைத்தார். பிறகு அது காயும்வரை காத்திருந்தோம். தேநீர் போட்டேன், குடிக்க மனம் வரவில்லை. மணியைப் பார்ப்பதும் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தேன்.

ஒருவழியாக அவர் தலையசைத்தார். போட்டேன். சிவப்பும் இல்லை, செய்தியும் இல்லை. விசிறி மெல்ல இரைய, நேரே உள்ளே போய்விட்டது. அவரைக் கட்டிப்பிடிப்பதா, அகப்பையால் ஒன்று போடுவதா என்று எனக்கு விளங்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை.

நான் எழுதி முடிக்கும்வரை அவர் ஹாலில் டிவியும் போடாமல் இருந்தார். பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் போடும் சின்னக் கோடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு அனுப்பினேன். முடிவு அங்கேயே திரையில் வந்தது. தேறிவிட்டேன். இனிப் பெட்டி அடுக்க வேண்டாம், பிள்ளைகளோடு இருக்கலாம். அந்தச் சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டே அழுதுவிட்டேன்.

அவர் ஓடி வந்தார். திரையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கைப்பேசி வெளிச்சத்தோடு நேரே மேசைக்குக் கீழே புகுந்தார்.

"நல்லாத்தானே சுத்துது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பிறகென்னத்துக்கு அழுறீர்?"