அந்தப் பாறையில் குரல் கேட்காது

போன ஐப்பசியில் சிலமலையில் என் மனைவி வழியில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டோம். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. போடிநாயக்கனூருக்கு மேலே, மலையில் ஒரு தோட்ட விடுதியில் ஒருநாள் மீன்பிடிக்கக் கற்றுத் தருகிறார்கள் என்று போனில் பார்த்து, உடனே பதிவு செய்துவிட்டேன். புழு கிடையாது. இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்த கொக்கியை ஓடைத் தண்ணீர் மேல் வீச வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

"விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?" என்று கேட்டாள் மனைவி. பதில் சொல்லாமல் ஜீப்பில் ஏறினேன். எனக்கு அது பழக்கம். சேலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். முதல் குரலுக்கே திரும்பிப் பார்த்தால் ஒருவனும் மதிக்கமாட்டான் என்று நினைக்கிற ஆள் நான்.

வழிகாட்டியாக வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். சிவப்புத் தொப்பி, எப்போதும் சிரித்த முகம், ஏலத்தோட்டத்திலேயே வளர்ந்தவர். ஓடைக்கு இரண்டு பக்கமும் ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரத்துக்கு நின்றது. பத்தடி தள்ளி நிற்பவர்கூடத் தெரியமாட்டார். அதனாலோ என்னவோ, தூண்டில் வீசுவதற்கு முன்னால் அவர் சொல்லிக்கொடுத்தது குரல் கொடுக்கத்தான்.

"காய் எடுக்கிறவங்க இப்படித்தாண்ணே. ஒருத்தர் 'கூ'ன்னு சொன்னா மத்தவங்களும் 'கூ'ன்னு சொல்லணும். பதில் வரலைன்னா சோலியப் போட்டுட்டுத் தேடிப் போயிருவோம். நான் கூப்பிட்டா நீங்களும் குரல் குடுத்துருங்க."

சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு தலையாட்டி வைத்தேன்.

மதியம் வரை என் கொக்கி பிடித்ததெல்லாம் ஏல இலை, என் சட்டைக் காலர், ஒரு தடவை அவர் தொப்பி. மனிதர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எலுமிச்சம் சாதம் சாப்பிட்டு முடித்ததும் என்னை ஓடை நடுவே ஒரு தட்டைப் பாறையில் நிறுத்தினார்.

"மேல ரெண்டு வளைவு தள்ளித் தண்ணி எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வெரசா வர்றேன். நான் எங்க நின்னு கூப்பிட்டாலும் இந்தப் பாறையில நல்லா கேக்கும். நீங்க மட்டும் இங்கருந்து இறங்கிறாதீங்கண்ணே."

அவர் போன கொஞ்ச நேரத்தில் மஞ்சு மூட்டம் இறங்கியது. முதலில் மரங்கள் போயின, அப்புறம் கரை போனது. மேலேயிருந்து "கூ" என்று குரல் வந்தது. நானும் கூவினேன். அதே நேரம் பாறைக்குப் பக்கத்தில் ஒரு மீன் மேலே வந்து, என் சத்தத்தில் சட்டென்று உள்ளே போனது. இரண்டாவது தடவையும் அதே கதை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மூன்றாவது முறை அவர் கூப்பிட்டபோது வாயை மூடிக்கொண்டேன்.

நான்காவது குரல் இன்னும் உரக்க வந்தது. ஐந்தாவதில் "அண்ணே!" என்று பதற்றம் இருந்தது. எல்லாம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. ஆனால் மீன் அப்போதுதான் கொக்கியைக் கவ்வியது!

கையை நனைத்துக்கொண்டு அதை எடுத்தேன். விரல் நீளக் கெண்டை. உள்ளங்கையில் துடித்தது. பெரிய சாதனைதான் போங்கள். தண்ணீரில் விட்டுவிட்டு, அவரிடம் பீற்றிக்கொள்ள நிமிர்ந்தேன். சுற்றிலும் வெள்ளை. குரல் நின்று போயிருந்தது.

"கூ" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் கூவினேன்.

இந்தத் தடவை பதில் வந்தது, ஆனால் எதிர்க்கரை ஏலக்காட்டுக்குள்ளிருந்து. மெலிந்த குரல், அவருடையது இல்லை. அடுத்தது என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பிறகு மேலே, கீழே, இரண்டு சரிவிலும் ஒன்று மாற்றி ஒன்று. ஒரு முகம் இல்லை, ஓர் இலை அசைவது தெரியவில்லை. குரல்கள் மட்டும் என்னை நெருங்கிக்கொண்டே வந்தன. ஐம்பத்தாறு வயதில் எனக்குப் பேய் பயம் வந்துவிட்டது. கருப்பசாமியைக் கூப்பிட்டேன். இறங்கி ஓடிவிடலாம் என்று ஒரு காலைத் தண்ணீரில் வைத்தும்விட்டேன்.

அப்போது அந்தக் காலை உரசிக்கொண்டு சிவப்புத் தொப்பி மிதந்து போனது.

அவர் என்னைத் தேடித் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். "ஆத்துக்குள்ள! மேல, ஆத்துக்குள்ள!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அத்தனை குரல்களும் மேல்பக்கம் திரும்பி ஓடின. நானும் கரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

காய் எடுக்கும் பெண்கள். ஏழெட்டுப் பேர், இடுப்பில் சாக்கைக் கட்டியபடி. அவர் கூப்பிட்டுப் பதில் வராததைக் கேட்டு, நாலா பக்கத்திலிருந்தும் வேலையை விட்டுத் தேடி வந்திருக்கிறார்கள். முதல் வளைவுக்குப் பக்கத்தில் அவர் கிடந்தார். இரண்டு பாறைக்கு நடுவே கால் சிக்கி, கழுத்து வரை தண்ணீர், கத்தவும் தெம்பில்லை. சாக்குகளை முறுக்கிக் கயிறாக்கி இழுத்தார்கள். நானும் இழுத்தேன். கணுக்கால் ஒடிந்திருந்தது.

கரையில் போட்டதும் ஒரு பெண் என்னைப் பார்த்தாள். "ஏண்ணே, அம்புட்டுத் தடவ கூப்பிட்டானே, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"ஆத்துச் சத்தத்துல கேக்கலைம்மா" என்றேன். கூசாமல் சொன்னேன்.

பல் தந்தியடிக்க அவர் என்னையே பார்த்தார். பிறகு அவளிடம், "ஆமாத்தா. அந்தப் பாறையில நின்னா கேக்காது" என்றார்.

கல்யாணச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து அவருக்குப் போன் செய்தேன். "தம்பி, கேட்டுச்சுப்பா. எல்லாத் தடவையும் கேட்டுச்சு" என்றேன். அதற்கு அவர், "கால் தேவலைண்ணே. தை மாசத்துக்குள்ள நடந்துருவேன்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது கடையில் யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே திரும்பிவிடுகிறேன். கடைப்பையன்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சிரிக்கிறார்கள். நாம் வாயை மூடிக்கொண்டிருக்கிற நேரத்தில் நமக்காக ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கியிருக்கலாம் என்ற பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.