ஆம்புக்குப் போர்த்திய சாட்டின் துணி

கல்யாண ரிசப்ஷன்களில் மெல்லிசைக் குழுவோடு கிட்டார் வாசிப்பது என் பிழைப்பு. கிட்டாரோடு ஒரு பெண் மேடை ஏறினால் எல்லோரும் ஒரு நிமிடம் பார்ப்பார்கள். கேட்க மாட்டார்கள். கேட்கவும் வழியில்லை. டிரம்ஸ், கீபோர்டு, நான்கு பாடகர்கள் என்று மேடை நிறைந்திருக்கும்போது, ஒலி மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கும் சவுண்டு சர்வீஸ்காரர் முதலில் குறைப்பது என்னுடைய லைனைத்தான்.

எங்கள் குழுத் தலைவர் சைதாப்பேட்டைக்காரர். ஒரு நாள் வேனில் திரும்பும்போது சாவகாசமாகச் சொன்னார். "மேடம், நீங்க வாசிக்கிறது யாருக்கும் கேக்கல. கீபோர்டுலயே கிட்டார் சவுண்டு கீது. அடுத்த ரிசப்ஷன் பாப்போம். சரிப்படலன்னா தம்பியே வாசிச்சிக்கட்டும்."

தம்பி என்பது கீபோர்டுக்காரர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு கட்டையை அழுத்தினால் வருகிற சத்தமும், விரல் நுனி காய்த்துப்போய் நான் எழுப்புகிற சத்தமும் இந்த மனிதருக்கு ஒன்றுதான். என் லைனைக் குறைக்கச் சொன்னதே இவர்தான் என்பதை வேறு மறந்துவிட்டார்.

இனி மிக்ஸரை நம்பிப் பயனில்லை, மேடையில் எனக்கென்று, கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஒரு ஆம்ப் வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். என்னிடம் இருந்தது வீட்டில் பழகுகிற சின்ன ஆம்ப். டிரம்ஸுக்கு எதிரே அதை முழுக்கத் திருகினால் தொண்டை கட்டினவர் மாதிரி கரகரக்கும்.

தி. நகர் கடைக்குக் கணவரையும் கூட்டிப் போனேன், தூக்கி வருவதற்கு. கடைக்காரர் நேராக அவரைப் பார்த்து, "சாருக்கு எந்த மாதிரி மியூசிக்?" என்றார். கிட்டாருக்கு எத்தனை கம்பி என்று என் கணவருக்கு இன்றுவரை தெரியாது. அவர் என்னைக் கைகாட்டினார். கடைக்காரர் மறுபடியும் அவரிடமே, "மேடம் கத்துக்கிறாங்களா? இந்தச் சின்னது போதும் சார். வீட்டுக்கு இதுவே ஜாஸ்தி" என்றார்.

"மேடைக்கு வேணும். டிரம்ஸோட வாசிக்கணும்" என்றேன்.

உடனே நூறு வாட்ஸ் ஒன்றைக் காட்டினார். வாட்ஸ் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் நினைப்பு. சத்தத்தை ரொம்பக் குறைத்து வைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னார். இன்னும் ஏற்றுங்கள் என்றால், "ஏத்தினா பக்கத்து நகைக்கடையில சண்டைக்கு வருவாங்க மேடம். டோன் இதேதான், சத்தம் மட்டும்தான் கூடும்" என்றார். சுத்தப் பொய். குறைந்த சத்தத்தில் எந்த ஆம்பும் இனிக்கத்தான் செய்யும். ஏற்றினால்தான் அதன் லட்சணம் தெரியும். ஓட்டிப் பார்க்காமல் வண்டி வாங்கச் சொல்கிற ஆளிடம் பேசி என்ன பயன் என்று நானே திருகினேன். நூறு வாட்ஸ் தகர டப்பாவாகக் கத்தியது. மூலையில் தூசி படிந்து ஒரு ஐம்பது வாட்ஸ் இருந்தது. அதைப் பாதிக்கு ஏற்றி எல்லாக் கம்பியையும் சேர்த்து மீட்டி ஒரு கார்டு வாசித்தேன். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. ஆனாலும் ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்டன. நகைக்கடைக் காவலாளி எட்டிப் பார்த்தார். பில் போடச் சொல்லிவிட்டேன்.

மந்தைவெளி ஃப்ளாட்டில் அன்று மாலையே வாசித்துப் பார்த்தபோது மேல் வீட்டு மாமா மணியடித்தார். "நாங்க ஆத்துல இருக்கறதா வேண்டாமா? சித்த கொறைச்சுக்கோம்மா." மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆஃப் செய்தேன்.

ரிசப்ஷன் அன்று ஆம்பை எனக்கு முன்னால் ஹாலைப் பார்த்து வைத்துச் சரிபார்த்தேன். அருமையாக இருந்தது. டிஃபன் சாப்பிட்டுவிட்டு வந்து முதல் பாட்டைத் தொடங்கினால், கிட்டார் கம்பளிக்குள்ளிருந்து முனகியது. சத்தத்தைக் கூர்மையாக்கும் ட்ரெபிளை முழுக்கத் திருகினேன். அப்போதும் முனகல்தான். தப்பான பெட்டியை வாங்கிவிட்டோமோ என்று தோன்றியது. தலைவர் என்னைப் பார்த்துவிட்டுத் தம்பிக்குக் கண் காட்டினார். தம்பி கட்டையில் விரலை வைத்துவிட்டார்.

பாட்டின் நடுவிலேயே எழுந்து முன்னால் போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கர் முகத்தில் வெள்ளை சாட்டின் துணியை மூன்று நான்கு மடிப்பாகக் கட்டி, மேலே ஒரு தெர்மாகோல் அன்னத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மேடையில் கருப்பாக எது இருந்தாலும் துணி போர்த்துவது டெக்கரேஷன்காரர்களின் பழக்கம். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை. அன்னத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டேன். துணியைப் பிடித்து இழுத்த இழுப்பில் டர்ரென்று கிழிந்தது.

"மேடம், ஃப்ரேம்ல கருப்புப் பெட்டி தெரியுது" என்றார் வீடியோக்காரர்.

"தெரியட்டும்" என்றேன்.

ட்ரெபிளைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டு இடையிசையைப் பிடித்தேன். பரிசுப் பொட்டலத்தோடு வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி கட்டையிலிருந்து கையை எடுத்தார். அதன் பிறகு அன்று முழுவதும் அவர் கீபோர்டின் கிட்டார் சத்தத்தைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் தலைவர் போன் செய்தார். "மேடம், அந்த ஆம்ப் இன்னாமா வாசிக்குது" என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவரே தொடர்ந்தார். "ஞாயித்துக்கெழம மட்டும் அத வாடகைக்கு குடுங்க. தம்பி கிட்டார் சவுண்ட அதுல வுட்டுப் பாக்கலாம்னு சொல்றான். நீங்க வர வேணாம், நான் ஆட்டோ அனுப்புறேன்."

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. சொல்லி முடிப்பதற்குள் வாசல் மணி அடித்தது. மேல் வீட்டு மாமா.

"சித்த கொறைச்சுக்கோயேம்மா. எங்காத்துல டிவி கேக்கல" என்றார்.

ஆம்ப் மூலையில் இருந்தது. அதன் வயரை நான் இன்னும் செருகவே இல்லை.