கீல் வெளியே

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கீலக்கா என்று பெயர். கிண்டல்தான். ஆட்டின் தசைநாரைப் பொடித்து மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கிற வேலையில் நாள் முழுக்க உழைத்தால் கடைசியில் தேறுவது ஒரு துளி வண்டல்; அதுவும் கண்ணுக்குத் தெரியாது. சுழல் இயந்திரத்தில் வைக்கும்போது குப்பி மூடியின் கீல் வெளிப்புறம் பார்த்திருந்தால், வண்டல் கீலுக்கு நேர் கீழே ஒட்டியிருக்கும். எதிர்ப்பக்கமாக, வண்டலைக் கழுவிய ஆல்கஹாலை உறிஞ்சி எடுத்துவிடலாம். "கீல் வெளியே! கீல் வெளியே!" என்று பதினொரு வருஷமாக எல்லாரையும் கரித்துக் கொட்டிய வாய் அவளுடையது.

அன்று காலை அலுவலக எழுத்தர் அவளைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை ரிசல்ட் வரலைன்னா ப்ராஜெக்ட்டையே மூடிடுவாங்க. வேற எடம் பாத்துக்கங்க," என்று சொல்லியிருந்தார். நாற்பத்தொன்பது வயதில் எந்த இடத்தைப் பார்ப்பது? வீட்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்த கணவன். "ஆட்டுக்கெல்லாம் நார் ஒட்ட வைக்கிறியே, என்னைக் கொஞ்சம் கவனியேன்," என்று கேலி பேசுவதுதான் அவனுக்கு மிஞ்சிய தெம்பு.

மீதமிருந்தது ஆறு ஆடுகளின் தசைநார். மூன்று, அறுந்த நார் ஒட்ட மருந்து கொடுத்தவை; மூன்று, கொடுக்காதவை. இனி வெட்ட ஆடும் இல்லை. குப்பிகளை அடுக்கினாள், சுழற்றினாள், எடுத்தாள், ஒவ்வொன்றாக உறிஞ்சி ஒரே பீக்கரில் விட்டாள். ஆறாவதை முடித்தபோதுதான் உறைத்தது. எடுக்கும்போது கீல்கள் ஆறும் உள்ளே பார்த்திருந்தன.

பாவி மகள்! ஊருக்கெல்லாம் சொன்னவள் தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டாள். உறிஞ்சிப் போட்டது வண்டலைத்தான். குனிந்து அழக்கூட முடியாது. ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தாலே ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும் வேலை அது. பீக்கரில் இருந்ததைப் பெரிய குப்பியில் ஊற்றி மறுபடி சுழற்றினாள். அடியில் வெள்ளை வெளேரென்று கடுகளவு வண்டல். பதினொரு வருஷத்தில் அவள் கண்ணால் கண்ட முதல் வண்டல் அதுதான்.

இதையே ஆறாகப் பிரித்துவிட்டால்? ஈ காக்கைக்குத் தெரியாது. கருவி அளவைக் காட்டும், சுத்தம் என்றும் காட்டும். புதுக் குப்பிகளில் எண்கூட எழுதிவிட்டாள். நான்கு என்று எழுதும்போது பேனா நின்றது. மருந்து கண்ட ஆடும் காணாத ஆடும் ஒரே மாதிரி இருந்தால், மருந்து பலிக்கவில்லை என்றல்லவா ஆகும்? எழுதத்தான் எழுதினாள், ஆறு வரைக்கும். வேலை போனால் அவனை யார் பார்ப்பது?

அதற்குள் ஆய்வை நடத்தும் டாக்டரம்மா உள்ளே வந்துவிட்டார். பெரிய குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"கீலக்கா! கண்ணுக்கே தெரியுதே! எந்த ஆடு இது?"

எண் எழுதிய புதுக் குப்பிகளை அவள் ஒதுக்கி வைத்தாள்.

"ஆறுந்தாம்மா."