புது ஷெட்டில் டீ குடிக்கப் போனவர்

கொடியக்காவுக்கு அந்தப் பெயர் தற்செயலாக வந்ததுதான். மருத்துவமனைகளின் துணிகளை வெளுக்கும் பெரிய சலவை ஆலையில் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. வாசலில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. சங்கக் கொடியோடு முன்வரிசையில் நின்ற பாய்லர்காரருக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. "ஏம்மா, இதைக் கொஞ்சம் பிடி, வந்துடறேன்" என்று பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் கொடியைத் திணித்துவிட்டு நடையைக் கட்டினார். அந்த நேரம் பார்த்துத்தானா முதலாளியின் கார் வரவேண்டும்? எல்லோரும் கோஷம் போட, இவரும் கொடியைத் தூக்கி ஆட்டினார். மறுநாளிலிருந்து ஆலை முழுக்க அவர் கொடியக்காதான்.

"எனக்கு அன்னைக்கு கோஷம்கூட முழுசா தெரியாது. எல்லாரும் வாயை அசைச்சாங்க, நானும் அசைச்சேன்" என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த வேலைநிறுத்தம் ரோலருக்காக நடந்தது. துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்பின் ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை இன்னொருவரும் பிடித்து, கொதிக்கும் இரும்பு உருளைகளுக்கு நடுவே விடவேண்டும். உருளைகள் ஈரத்தை வாங்கி, சுருக்கத்தை எடுத்து, அந்தப் பக்கம் மொடமொடவென்று தள்ளும். ஒருநாள் விரிப்போடு சேர்த்து ஒரு பெண்ணின் கையையும் இழுத்துவிட்டன. விரல்கள் பிழைத்தன, தோல் பிழைக்கவில்லை. அதன் பிறகு சங்கம் ஒற்றைக்காலில் நின்று, உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பியை வைக்கச் செய்தது. கம்பியில் கை பட்டால் போதும், இயந்திரம் நின்றுவிடும். பின்னொரு நாள் கொடியக்காவின் கையும் அப்படித்தான் தப்பியது. அன்று வீட்டுக்கு வந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சங்கம் என்ன கிழித்தது என்று யாராவது கேட்டால் வாயைத் திறக்கமாட்டார், கையை நீட்டிக் காட்டுவார்.

காலப்போக்கில் அவர் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு வந்தார். கொடியைத் திணித்துவிட்டுப் போன பாய்லர்காரர் செயலாளர் ஆனார். ஆலையும் வளர்ந்தது. பழைய கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு புது ஷெட் எழும்பியது. அங்கே வேலைக்கு ஆள் எடுத்தது ஆலை இல்லை, ஒரு காண்டிராக்டர். அந்தச் சமயத்தில் நிர்வாகம் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பழைய ஆட்கள் யாரையும் வேலையை விட்டு எடுக்கமாட்டார்கள், அவர்களுக்கு இரவு ஷிப்ட்டும் கிடையாது. பதிலுக்கு, புது ஷெட் விஷயத்தில் சங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது. செயலாளர் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கொடியக்காவும் தட்டினார்.

அவர் வீட்டு மாடியில் கணவரின் தங்கை குடியிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், பாதி மாதம் ஊரிலேயே இருக்கமாட்டார். இந்த நாத்தனார் வேலை பார்த்த தையல் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் புது ஷெட்டில் ரோலர் வேலைக்குச் சேர்ந்தார். பகல் ஷிப்ட் விழும் நாட்களில் அண்ணியும் நாத்தனாரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே வாசலில் நுழைவார்கள். உள்ளே போனதும் அண்ணிக்கு நீல மேலங்கி, நாத்தனாருக்குச் சாம்பல் மேலங்கி. சாம்பல் மேலங்கிக்காரர்களுக்கு எந்த ஷிப்ட் என்பது வாரக் கடைசியில்தான் தெரியும்.

ஒரு கோடையில் புது ஷெட்டின் வெக்கையை வெளியே தள்ளும் விசிறிகள் பழுதாகிக் கிடந்தன. யாரும் சீண்டவில்லை. நாத்தனார் ரோலர் முன்னாலேயே மயங்கி விழுந்தார். நல்லவேளை, பின்பக்கமாகச் சரிந்தார். பின்தலையில் கட்டோடு வந்து, மாடிப்படி ஏறத் தெம்பில்லாமல் கீழ்வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொடியக்கா தண்ணீரைக் கொடுத்து, "நாளைக்கு லீவு போடு. உடம்பைப் பாரு" என்றார்.

"லீவா? எங்களுக்கு லீவுன்னா வேலை போச்சுன்னு அர்த்தம் அண்ணி."

"விசிறி ரிப்பேர்னு மேஸ்திரிகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்போமா? வெக்கை தாங்கலேன்னா ஐஸ் கம்பெனிக்குப் போ அப்படிங்கறான்." நாத்தனார் தம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க கோச்சுக்கக் கூடாது. உங்க சங்கம் உங்களுக்குக் குடை. அதுலேர்ந்து வழியிற தண்ணியெல்லாம் எங்க தலையிலதான் விழுது."

கொடியக்காவுக்குச் சுருக்கென்றது. சுவரோரம் உட்கார்ந்திருந்த கணவர் மெல்ல எழுந்து வெளியே போய்விட்டார். தங்கை பக்கமும் பேச முடியாது, பெண்டாட்டி பக்கமும் பேச முடியாது, பாவம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் கொடியக்கா எழுந்தார். "புது ஷெட் ஆளுங்களையும் நம்ம சங்கத்துல சேர்க்கணும்."

கூட்டம் கலகலத்தது. செயலாளர் பொறுமையாகவே பதில் சொன்னார். "ஏம்மா, எனக்கு மட்டும் மனசு இல்லையா? அவங்களைச் சேர்த்த அடுத்த நிமிஷம் ஒப்பந்தம் செல்லாதும்பாங்க. நம்ம ஆளுங்க நைட் ஷிப்ட்டுக்குப் போகணும். பாதிப்பேருக்கு வயசாச்சு. அவங்க வீட்டுக்கு யார் பதில் சொல்றது?"

"நமக்கு ராத்திரி வேலை வேண்டாம்னா அந்த ராத்திரி எங்க போச்சுண்ணே? அவங்க தலையிலதானே ஏறிச்சு?"

"அது காண்டிராக்டர் பாடு" என்றார் லாண்டரி வண்டி ஓட்டும் மீசைக்காரர். ஆமாம் ஆமாம் என்று பல குரல்கள். கை தூக்கச் சொன்னபோது கொடியக்கா பக்கம் நின்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தீர்மானம் தோற்றது.

கோபத்தில் சங்கத்தை விட்டு விலகிவிடுவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. மறுநாள் டீ இடைவேளையில் தன் தம்ளரை எடுத்துக்கொண்டு புது ஷெட்டுக்குப் போனார். துணி மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினார். மேலங்கி முதுகோடு ஒட்டியிருந்தது. அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும்.

"நம்ம டீ ஆறிப்போகுதுன்னு அங்க சூடு பண்ணப் போறாங்க" என்று மீசைக்காரர் கிண்டலடித்தார்.

புது ஷெட்டிலும் அவரை யாரும் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. நாத்தனாரோடு விரிப்பு பிடிக்கும் ஒல்லியான பெண் முகத்துக்கு நேரே சொன்னார்: "அக்கா, தயவுசெஞ்சு சங்கம் கிங்கம்னு ஆரம்பிச்சுடாதீங்க. எங்கப்பா வேலை பார்த்த மில்லை அப்படித்தான் மூடினாங்க. சங்கத்துக்காரங்க பேசிக்கிட்டே இருந்தாங்க, முதலாளி பூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் அப்பா எந்த வேலைக்கும் போகல."

"நான் டீ குடிக்கத்தாம்மா வந்தேன்" என்றார் கொடியக்கா. அது பாதி உண்மை. முதல் நாளே அவர் ஒன்றைப் பார்த்திருந்தார். செயலாளரிடம் சொன்னபோது, "பார்க்கலாம்மா" என்று தட்டிக்கழித்துவிட்டார்.

மெல்ல மெல்லப் பழைய கட்டடத்திலிருந்து இன்னும் சிலர் தம்ளரோடு வர ஆரம்பித்தார்கள். சிலர் வேடிக்கை பார்க்க, சிலர் மனம் கேட்காமல். நிர்வாகம் விழித்துக்கொண்டது. அனுமதியில்லாமல் வேறு பிரிவுக்குள் நுழைந்து வேலையைக் கெடுக்கிறார் என்று கொடியக்காவுக்கு மெமோ வந்தது.

இங்கேதான் விஷயம் திரும்பியது. உறுப்பினர் ஒருவருக்கு மெமோ வந்தால் சங்கம் விசாரித்து அவருக்காக வாதாடியே ஆகவேண்டும். அது சங்கத்தின் விதி. செயலாளருக்கு இஷ்டமோ இல்லையோ, போய்த்தான் ஆகவேண்டும். மேலாளரிடம் போய், "எங்க உறுப்பினர் எங்க உக்காந்து டீ குடிக்கணும்னு ஒப்பந்தத்துல எங்கேயும் இல்லையே சார்" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலாளருக்கு வரவில்லை. "நீங்களே போய்ப் பாருங்க, வேலை எவ்வளவு கெடுதுன்னு" என்றார்.

செயலாளர் கொடியக்காவோடு புது ஷெட்டுக்குள் காலை வைத்தார். கட்டி முடித்ததிலிருந்து அவர் அங்கே வந்ததே இல்லை. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியவில்லை. துடைத்துப் போட்டுக்கொண்டு ரோலர் அருகே போனார். போனவர் நின்றுவிட்டார். தடுப்புக் கம்பி கைபட்டும் அசையாதபடி, கிழித்த விரிப்புத் துண்டால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கொடியக்கா முதல் நாளே பார்த்து அவரிடம் சொன்னது இதைத்தான்.

"யாரு இதைக் கட்டினது?"

"நாங்கதான்" என்றார் ஒல்லியான பெண். "சும்மா பட்டாலே நின்னுடுது. நின்னா உருப்படி குறையுது. குறைஞ்சா நாளைக்கு வரவேண்டாம்பாங்க."

செயலாளர் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். இறுகிப்போன முடிச்சு. அவிழ்க்க நேரமானது.

நாத்தனார் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவிழ்த்துட்டீங்க, ரொம்ப சந்தோஷம். நாளைக்கு நாங்கதானே திரும்பக் கட்டணும்?"

செயலாளர் அந்தத் துணித் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசல் குழாயில் முகம் கழுவினார். "அந்தக் கம்பிக்காக எத்தனை நாள் வெயில்ல நின்னோம்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது முறை தீர்மானத்தைக் கொண்டுவந்தது செயலாளரேதான். துணித் துண்டை மேசையில் வைத்துப் பேசினார். இந்த முறை மயிரிழையில் தேறியது. புது ஷெட்காரர்கள் சங்கத்தில் சேரலாம், ஆனால் அடுத்த தேர்தல் வரை ஓட்டு இல்லை. "சந்தா மட்டும் இனிக்குதாக்கும்" என்றார் நாத்தனார். என்றாலும் சேர்ந்தார். ஒல்லியான பெண் சேரவில்லை. பேச்சுவார்த்தை பல மாதம் இழுத்தது. விசிறிகள் ஓடின. கம்பியைக் கட்டினால் மேஸ்திரி மீதே நடவடிக்கை என்றானது. ஒரு நாளைக்கு முடிக்கவேண்டிய உருப்படிக் கணக்கைக் குறைத்தார்கள்.

செயலாளர் பயந்ததும் நடந்தது. பழைய ஒப்பந்தம் முடிந்ததும் எல்லோருக்கும் சுழற்சி முறையில் இரவு ஷிப்ட் என்று நிர்வாகம் கறாராக நின்றது. சங்கம் இறங்கிப் போய், வயதானவர்களுக்கு மட்டும் விலக்கு வாங்கியது. மீசைக்காரருக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கொடியக்காவைப் பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூட வேலை செய்தவர்களில் சிலர் சாப்பாட்டு நேரத்தில் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அது கொடியக்காவை அறுத்தது. "நான் செஞ்சது தப்பாங்க?" என்று ஒருநாள் கணவரிடம் கேட்டார்.

"தப்பில்ல. ஆனா அவங்களுக்கு வலிக்கும்ல" என்றார் கணவர். "நீ ராத்திரி வேலைக்குப் போற அன்னைக்கு எனக்கே வலிக்குது."

சங்கத் தேர்தல் வந்தது. நிர்வாகக் குழுவில் கொடியக்கா இருந்த இடத்துக்குப் புது ஷெட் சார்பில் நாத்தனார் நின்றார். முன்கூட்டியே கீழே இறங்கி வந்து சொன்னார்: "அண்ணி, நான் நிக்கறேன். உங்களை எதிர்த்துத்தான்."

"நில்லு. எனக்காக நீ விட்டுக்கொடுத்தேன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது."

நாத்தனார் ஜெயித்தார். பழைய கட்டடத்தில் பலர் கொடியக்காவைக் கைவிட்டிருந்தார்கள். முடிவைச் சொன்னதும் கொடியக்கா யாருக்கும் தெரியாமல் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு கூட்டத்துக்கு நடுவே புகுந்து நாத்தனாரின் தோளைத் தட்டினார்.

"சாயங்காலம் நம்ம ரெண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைக்கிறேன். மேல போய் அடுப்பு மூட்டாதே" என்றார். "அப்புறம் அந்த ஒல்லிப் பொண்ணுகிட்ட பேசு. அவ அப்பா கதையை முழுசா கேளு. சங்கத்துமேல அவ கோபத்துல நியாயம் இருக்கு."