யார் பெயரிலோ ஒரு சிம்

செல்போன் கடைக்காரனுக்கு வருகிற வியாதி காதில் வராது, அடிவயிற்றில் வரும். கடை வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. விற்ற போன் ஓடவில்லை என்றால் ஒரு பயம். ஓடினால், அது எங்கே போய் என்ன இழுத்துக்கொண்டு வருமோ என்று இன்னொரு பயம்.

பதினைந்து வருடம் ஒரு நாளிதழுக்குப் பெரம்பலூர் நிருபராக இருந்துவிட்டு, 2004-இல் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டேன். புதுப் போன் விற்கிற கடைகள் ஏற்கெனவே நாலைந்து இருந்தன. என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாடு கிளம்புகிறவர்கள். அங்கே இறங்கியதும் மேஸ்திரியிடமும் அறைக்காரர்களிடமும் பேச வேண்டும். உள்ளூர் சிம் போட்டால் ஓடுகிற மாதிரி மலிவாக ஒரு பழைய போன் வேண்டும் என்பார்கள். ஏதோ ஒரு நாட்டுக் கம்பெனி பூட்டி வைத்த போனைத் திறந்து, துடைத்து, புது உறை போட்டுக் கொடுப்பேன். அந்தப் போன்களில் ஒன்றோடு நான் சேர்த்து அனுப்பியதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெண் கொடுப்பது போல

ஜமால் பாய்க்கு ஊர் லப்பைக்குடிக்காடு. வெளிநாட்டுப் பிழைப்பை அங்கே ‘சபுர்’ என்பார்கள். பதினோரு வருடச் சபுரை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டவர், ஒருநாள் கடைக்கு வந்து மணிபர்சின் ரகசிய அறையிலிருந்து ஒரு சிம்மை எடுத்து மேஜையில் வைத்தார். அவர் வேலை பார்த்த அரபு நாட்டின் சிம். இங்கே எதற்கும் ஆகாது. ஆனால் அங்கே புதிதாக ஒன்று வாங்க, கூலியாளுக்கு அரைமாதச் சம்பளம் போய்விடும், பத்திரங்களும் கேட்பார்கள். அதனால் ஊர் திரும்புகிறவர் புதிதாக வருகிறவருக்குத் தன் சிம்மைக் கொடுத்துவிட்டு வருவது வழக்கம். வாங்க ஆள் அமையாவிட்டால் இப்படி ஊருக்கே வந்து சேரும். இன்னொரு பயணியோடு திரும்பவும் விமானம் ஏறும்.

ஜமால் பாய் அதில் ஐந்து வருடம் பேசியிருந்தார். அவருக்கு முன் ஒருவர், அவருக்கும் முன் ஒருவர். எல்லாரையும் போல நானும் “நம்பர் ஓடுதா?” என்று மட்டும் கேட்டேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவரும் மற்றதைச் சொல்லவில்லை. எழுந்து போகும்போது சொன்னார்: “பொண்ணு குடுக்குற மாதிரி ஆளப் பாத்துக் குடுங்க தம்பி.”

ஒத்திகை

ஆள் ஒரு மாதத்தில் கிடைத்தார். அதே ஊர்க்காரர், காதர். எலக்ட்ரீஷியனுக்கு உதவியாளாக முதல் சபுர். கூட மனைவி நூர்ஜஹான். காதர் கடைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். கேள்விகளெல்லாம் நூர்ஜஹான்தான் கேட்டது. இந்தப் போன் அங்கே எடுக்குமா, அந்த ஊர் கரண்டில் சார்ஜ் ஏறுமா, ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்களா. கடைசியில் ஆளுக்கொரு பழைய போனாக இரண்டு எடுத்துக்கொண்டார்கள். ஜமால் பாயின் சிம்மைச் சும்மாவே கொடுத்தேன். நல்ல காரியம் செய்கிற நினைப்பு எனக்கு.

பிறகு ஒத்திகை நடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், நம் நேரத்துக்கு மதியம் இரண்டரை மணி வாக்கில், ஒரு மிஸ்டு கால் வந்தால் நலம். அடுத்தடுத்து இரண்டு வந்தால் ஏதோ கோளாறு. காதர் தெருவில் நின்றபடி என் போனிலிருந்து அடிக்க, நூர்ஜஹான் கடைக்குள் நின்று எண்ணினார். மூன்று தடவை பார்த்தார்கள். மூன்றாவது தடவை அவர் பதற்றத்தில் பச்சைப் பொத்தானை அழுத்திப் பேசியே விட்டார். காதர் தெருவிலிருந்து கத்தினார்: “எடுத்துட்டியேடி, அங்கேர்ந்துன்னா இந்நேரம் நம்ம ஒருநா சோறு போயிருக்கும்!”

முந்திரிக்காரர் கேட்டது

காதர் போய் நாலு வாரம் இருக்கும். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவர் மலேசியாவுக்கு மகளைப் பார்க்கக் கிளம்பி, பெட்டியோடு கடைக்கு வந்தார். இருக்கிற போனைக் கொண்டுபோனால் பில் வந்து குடும்பமே மூழ்கிவிடும் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள். பேட்டரியைத் தனியாகக் கழற்றி, போனை வேட்டிக்குள்ளும் பேட்டரியைச் சட்டைக்குள்ளும் மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார். “கழட்டி வச்சாலும் பில்லு ஓடுமாங்க?” என்று இரண்டு தடவை கேட்டார்.

நான் சிரித்துவிட்டு, அங்கே போய் யாரிடமாவது ஒரு பழைய சிம் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், செலவே இல்லை என்றேன். அது யார் பெயரில் இருக்கும் என்று கேட்டார். யார் பெயரிலாவது இருக்கும், யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: “பட்டா யாரு பேர்ல இருக்குன்னு தெரியாத கொல்லையில நான் ஒரு கன்னுகூட நட மாட்டேன் சார், நீங்க பேசவே சொல்றீங்களே?”



ஆறாவது வெள்ளி

ஐந்து வெள்ளிக்கிழமை ஒழுங்காக மிஸ்டு கால் வந்தது. ஆறாவது வெள்ளி வரவில்லை. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நூர்ஜஹான் வந்துவிட்டார். போனில் கோளாறா பாருங்கள் என்றார். என் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன், அவர் போன் நன்றாகவே மணி அடித்தது. அது நன்றாக இருந்ததுதான் எங்கள் இருவரையும் பயமுறுத்தியது.

பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்துக்கு அழைத்துப்போனேன். அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு காதரின் நம்பரை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். காதர் இல்லை. கனத்த குரல். முதலில் அரபியில் ஏதோ கேட்டது. நான் பேசாமல் இருக்கவும் இந்தியில் கேட்டது: யார் நீ, பெயர் என்ன, எங்கிருந்து பேசுகிறாய். பதினைந்து வருடம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றவனுக்கு அந்தத் தோரணை எந்த மொழியிலும் புரியும். ரிசீவரை வைத்துவிட்டேன்.

பெயரைச் சொல்லியிருக்கலாம். காதரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெளியே வந்து, லைன் கிடைக்கவில்லை என்றேன். நூர்ஜஹான் பூத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “லைனு கெடைக்காததுக்கு உங்களுக்கு ஏண்ணே இப்புடி வேர்க்குது?”

ஜமால் பாயின் மேஜை

அன்றைக்கே லப்பைக்குடிக்காடு போனேன். ஜமால் பாய் நல்ல வரவேற்புக் கொடுத்தார், டீ வந்தது. சிம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார். தனக்குக் கொடுத்தவரைத் தெரியும், அவர் மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது. முதலில் வாங்கியவன் யாரென்று தெரியாது. கம்பெனியை விட்டு ஓடிப்போனவன் என்று மட்டும் கேள்வி. அவன்மேல் கேஸ் இருந்ததா என்றேன். “இருக்கும்” என்றார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார். அதுவும் நியாயம்தான்.

மேஜையில் ஒரு தாள் கிடந்தது. அதே நாட்டுக்குப் புது விசா. ஊரோடு வந்த மனிதருக்கு மூன்று மாதத்தில் ஊர் அலுத்துவிட்டது. மைத்துனர் அனுப்பியிருக்கிறார், அடுத்த மாதம் பயணம். அதை அவர் மெதுவாக நகர்த்திச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையில் ரிசீவரை வைத்த கைதானே என்னுடையதும். வாசல்வரை வந்து என் தோளைத் தொட்டுச் சொன்னார்: “எது வேணா செய்ங்க தம்பி, எங்கயும் எம் பேர மட்டும் சொல்லிடாதீங்க.”

மூன்று வரி

‘வெளிநாட்டில் பெரம்பலூர் வாலிபர் கைது’ என்று நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். மூன்று வரி போதும். அவர் என்ன போன் வைத்திருந்தார், அதை யார் கொடுத்தது என்றெல்லாம் நாங்கள் எழுதுவதில்லை.

திங்கட்கிழமை நூர்ஜஹான் மறுபடி வந்தார். கையில் காதரின் விசா நகல். அதில் கம்பெனியின் நம்பர் இருந்தது. இந்தத் தடவை பூத்துக்குள் என்னோடு அவரும் வந்துவிட்டார். கதவைச் சாத்த இடமில்லை. பேசுவதற்கு முன்பே நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். சிம் யாருடையது என்று எனக்குத் தெரியாது என்பதை, சனிக்கிழமை யாரோ எடுத்தார்கள் என்பதை, நான் வைத்துவிட்டேன் என்பதை.  நூர்ஜஹான், அழுத்துங்கள் என்று கையைக் காட்டினார்.

கம்பெனி ஆபீஸில் தமிழ் பேசுகிற கிளார்க் ஒருவர் கிடைத்தார். நடந்தது இதுதான். தேடப்படுகிற ஒருவன் பெயரில் இருந்த அந்த நம்பருக்குப் போலீஸ் போன் செய்திருக்கிறது. காதர் எடுத்திருக்கிறார். ஸ்டேஷனுக்கு வா என்றதும் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, அவராகவே நடந்து போயிருக்கிறார். போனவரை உட்கார வைத்துவிட்டார்கள். ஐந்து நாளாகிறது. அடிக்கவில்லை, சாப்பாடு கொடுக்கிறார்கள். ஆனால் அந்த ஓடிப்போனவன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சிம் எப்படிக் கைக்கு வந்தது என்று கொடுத்தவர்கள் பெயர், விலாசத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினால் கம்பெனி பேசிப் பார்க்கும். கடைசியில் கிளார்க் சொன்னார்: “ஆளு நல்ல ஆளுங்க, போலீஸ் கூப்ட்டா போகாம எப்புடி இருக்குறதுன்னு என்னையவே கேக்குறாரு.”

மேல எழுதுங்க

கடையில் உட்கார்ந்து வெள்ளைத்தாளை எடுத்தேன். நிருபராக இருந்தபோது பத்து நிமிடத்தில் இரண்டு பக்கம் எழுதிய கை, ‘மேற்படி சிம்மை நான்தான் கொடுத்தேன்’ என்ற ஒரு வரிக்குக் கால் மணி நேரம் எடுத்தது. பார்த்தேயிராத ஒரு ஸ்டேஷனில் என் பெயர் ஃபைலுக்குள் போகப்போகிறது. கடை ரப்பர் ஸ்டாம்பை வைக்கலாமா வேண்டாமா என்று கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த நூர்ஜஹான் மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். குத்தினேன்.

‘எனக்குக் கொடுத்தவர்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பெயர் தெரியாத வாடிக்கையாளர் என்று எழுதலாம். எழுதினால் என் கடிதத்தை எவனும் நம்ப மாட்டான். உள்ள பெயரை எழுதினால் ஜமால் பாயின் விசா போகும். நூர்ஜஹானுக்கும் அவர் ஊர்க்காரர். நூர்ஜஹான் அந்தப் பெயரைப் போடச் சொல்லவில்லை, போட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஜமால் பாய் கடைப்படி ஏறினார். விஷயம் ஊர் முழுக்கப் பரவி, அவர் வீட்டு அடுப்படிக்கும் போயிருக்கிறது. பாலித்தீன் பையில் பாஸ்போர்ட். நூர்ஜஹானைப் பார்க்காமல் என்னையே பார்த்து, “ரெண்டு நாளா நம்ம வூட்டுக்காரி தட்டுல சோறு வைக்க மாட்டேங்குறா தம்பி” என்றார். உட்கார்ந்தார். பாஸ்போர்ட்டைப் பிரித்து, தான் ஒழுங்காக வெளியேறிய முத்திரை இருந்த பக்கத்தைக் காட்டினார். இதையும் நகல் எடுத்து வையுங்கள் என்றார். நான் எழுதியிருந்ததை வாங்கிப் படித்தார். முதலில் என் பெயர் இருந்தது. விரலை அதற்கு மேலே வைத்தார்: “என்னைய மேல எழுதுங்க, அஞ்சு வருசம் பேசுனவன் நாந்தானே.”

அவர் பெயரில்

ஃபேக்ஸ் போன மூன்றாம் நாள் மதியம் கடைக்கு அழைப்பு வந்தது. காதர்தான், கம்பெனி ஆபீஸிலிருந்து. விட்டுவிட்டார்கள். சிம்மை மட்டும் போலீஸே வைத்துக்கொண்டது. தினமும் பஸ் ஏறி வந்து கடையிலேயே உட்கார்ந்திருந்த நூர்ஜஹானிடம் ரிசீவரைக் கொடுத்தேன். அவர் அழவில்லை. “கூப்புட்டா சட்ட மாத்திக்கிட்டுப் போயிடுறதா மச்சான்? கல்யாணத்துக்கா கூப்பிட்டாங்க?” என்று திட்ட ஆரம்பித்தவர் ஐந்து நிமிடம் மூச்சு விடவில்லை. ஆபீஸ் போன், செலவைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜமால் பாய் அந்த விசாவில் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போய் இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொள்வார்களோ என்று அவராகவே நின்றுவிட்டார். என்னையும் யாரும் கூப்பிடவில்லை. ஆனால் நீளமான நம்பரிலிருந்து மணி அடித்தால் ஒரு வருடம்வரை இரண்டு மணி எண்ணிவிட்டுத்தான் எடுத்தேன். கைமாறிய சிம் எதையும் அதற்குப் பிறகு நான் மேஜையில் வைக்க விட்டதில்லை.

அன்று நூர்ஜஹான் திட்டி முடித்துப் போனை என்னிடம் கொடுத்தபோது, காதர் சொன்னது இதுதான்: “மேஸ்திரி முன்பணம் குடுத்தாருண்ணே, எம் பேர்லயே ஒரு சிம்மு வாங்கிட்டேன். ஊருக்கு வரப்ப எவன் கேட்டாலும் குடுக்க மாட்டேன், கத்திரியால ரெண்டா வெட்டிக் கடல்ல போட்டுட்டுத்தான் பிளேனு ஏறுவேன்.”

பழைய போனுக்கு வாரன்டி கிடையாது என்று கடையில் எழுதித் தொங்கவிட்டிருந்தேன். அதை விற்றவனின் பயத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது என்பதை மட்டும் எழுத இடம் போதவில்லை.