டாக்குமென்டாக அனுப்பிய படம்

காலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். அந்தப் படத்தை நான் குழுவில் போட்ட நேரம். ஃபோனில் பதிந்திருப்பதால் நிமிடம் வரை சொல்ல முடிகிறது. அன்று இரண்டாம் சனிக்கிழமை, எனக்குப் பள்ளி விடுமுறை. மகளுக்குக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு இருந்ததால் ஆறு மணி பஸ்ஸுக்கே கிளம்பிப் போயிருந்தாள். அவள் வீட்டில் இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

அது பறவைப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழு. வில்லியனூர், பாகூர், தவளக்குப்பம் என்று சுற்றுவட்டாரத்தில் நாற்பது பேர் இருந்தோம். பேங்க்கில் வேலை பார்ப்பவர், பல் டாக்டர், மளிகைக் கடைக்காரர், என்னைப் போல இரண்டு மூன்று வாத்தியார்கள். விடியற்காலையில் ஏரிக்கரையில் படம் எடுப்போம். மற்ற நேரமெல்லாம் எந்த கேமரா உசத்தி, எந்த லென்ஸ் தண்டம் என்று வாதாடுவோம். நாள் கணக்கில் அது ஓடும். ஒருமுறை லென்ஸ் மூடியைப் பற்றியே இரண்டு பேர் பேச்சை முறித்துக்கொண்டார்கள்.

அந்தக் குழுவில் ஒருவரை எனக்குப் பிடிக்காது. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் மேனேஜர். என்னைவிட எட்டு வயது சின்னவர், மரியாதையாகப் பேசுவார், யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. ஆனால் அவரிடம் அறுநூறு எம்.எம். லென்ஸ் இருந்தது. பச்சையும் பழுப்புமாக உறை போட்டு, குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வருவார். என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய எழுபது–முந்நூறு எம்.எம்., அவருடையதில் பாதி தூரம்தான் எட்டும். அவர் கரையில் நின்றபடி மீன்கொத்தியின் அலகில் தொங்கும் நீர்த்துளியை எடுப்பார். நான் சேற்றில் முழங்கால் வரை இறங்கினால் மீன்கொத்தி இருந்த கிளை மட்டும்தான் கிடைக்கும்.

அவர் படம் போட்டால் நாற்பது பேரும் கைதட்டுவார்கள். நான் போட்டால் ஒரு கட்டைவிரல் வரும், அதுவும் பல் டாக்டரிடமிருந்து. அவர் எல்லாருக்கும் போடுவார். இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் நான் போட்ட நாமக்கோழிப் படத்துக்குக் கீழே மேனேஜர் எழுதினார்: ‘நல்ல ரெக்கார்டு ஷாட் சார்.’ வெளியாட்களுக்கு இது பாராட்டாகத் தெரியும். எங்களுக்குள் அதற்கு அர்த்தம் வேறு. பறவையைப் பார்த்தீர்கள் என்பதற்கு இது சாட்சி, அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பதுதான். அடுத்த வரியில், அந்த லென்ஸில் இறகின் நுணுக்கம் வராது, அது உங்கள் தவறில்லை என்று ஆறுதலும் சொல்லியிருந்தார். அந்த ஆறுதல்தான் என்னை அறுத்தது.

இதைவிட உறுத்தியது ஒன்று இருந்தது. என் மகளும் அந்தக் குழுவில் இருந்தாள். விலங்கியல் இரண்டாம் வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஏரிக்கு வருவாள். அவர் படங்களை அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். ‘எப்டிப்பா எடுக்கறாரு?’ என்று ஒருமுறை கேட்டாள். லென்ஸ் எடுக்குது, அவரா எடுக்கறாரு என்றேன். சிரித்துவிட்டு மறுபடியும் ஃபோனைப் பார்த்தாள்.

அந்தக் கூட்டைக் கண்டுபிடித்தவள் அவள்தான். பாகூரைத் தாண்டி ஒரு வயல். நட்டு ஒரு மாதமான நெல், ஓரத்தில் கோரை அடர்ந்த ஒரு மூலை. அங்கே மயில் உள்ளான் என்ற சேற்றுப் பறவை ஒன்று நான்கு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. இந்தப் பறவையில் பெண்தான் பளபளப்பு. முட்டை போட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பது ஆண். வெயிலில் கண்ணைப் பாதி மூடி அது உட்கார்ந்திருந்ததை இருவரும் வரப்பில் படுத்தபடி பார்த்தோம். நிலத்துக்கார அம்மாவிடம் என் மகளே போய்ப் பேசி, அந்த மூலையில் மட்டும் புல் அறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அந்த அம்மா பறவையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

கூட்டுப் படத்தைக் குஞ்சுகள் போகும் வரை யாருக்கும் காட்டக்கூடாது என்பது எங்கள் குழுவின் சட்டம். அவள் அதற்கும் மேலே போனாள். “நமக்கு மட்டுந்தான் தெரியும்பா. மேனேஜர் அங்கிள்கிட்ட கூட சொல்லல” என்றாள். அந்த ‘கூட’ எனக்கு எவ்வளவு சந்தோஷம் தந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அன்று எடுத்த படங்களில் ஒன்று நன்றாக வந்திருந்தது. வெயில் சாய்வாக விழுந்ததாலோ, பறவை அசையாமல் இருந்ததாலோ, முதுகின் பொன் கோடுகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி இருந்தன. பன்னிரண்டு நாள் அதைத் திறந்து திறந்து பார்த்தேன். பதின்மூன்றாம் நாள்தான் அந்த இரண்டாம் சனிக்கிழமை. கூடு எங்கே என்று சொல்லாமல் படத்தை மட்டும் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி மங்கிவிடும். இறகின் நுணுக்கம் போய்விடும். அதைத்தானே நான் காட்ட வேண்டும்? அதனால் டாக்குமென்டாக அனுப்பினேன். அப்படி அனுப்பினால் படம் கேமராவில் இருந்தபடியே போகும். அத்தனையும் போகும். எந்தெந்தப் பறவையை எங்கே பார்த்தோம் என்று கணக்கு வைக்க, என் மகள் பல மாதங்களுக்கு முன்பே கேமராவை ஃபோனோடு இணைத்து, ஒவ்வொரு படத்திலும் இடம் பதியும்படி செய்து வைத்திருந்தாள். அது என் நினைவிலேயே இல்லை.

ஆறு ஐம்பத்தைந்துக்கு மேனேஜரின் பதில் வந்தது. ‘செம ஷார்ப் சார். எந்த லென்ஸ்?’ எழுபது–முந்நூறு என்று எழுதினேன். எங்கே எடுத்தது என்று கேட்டார். நம்ம பக்கம்தான் என்று பூடகமாகப் பதில் போட்டேன். ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார். என் ரகசியத்தை மதித்துச் சிரிக்கிறார் என்று நினைத்து, இன்னொரு காபி போட்டுக் குடித்தேன்.

ஒன்பது மணிக்கு நிலத்துக்கார அம்மா ஃபோன் செய்தார். “இன்னா வாத்தியாரே, உங்க ஆளுங்க மூணு காரு போட்டுனு வந்திருக்காங்க. நீ அனுப்னியா?” என்றார். நான் யாரையும் அனுப்பவில்லை என்று சொல்லும்போதே குழுவில் போட்ட படம் ஞாபகம் வந்தது. படத்தை நீக்கிவிட்டு பைக்கை எடுத்தேன்.

வரப்பின் மேல் ஏழு பேர். கோரையைக் கொத்தாக வளைத்து, ஒரு தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைத்து அழுத்தியிருந்தார்கள். கூட்டுக்கு நேராக ஜன்னல் திறந்ததுபோல் இருந்தது. எல்லாருக்கும் முன்னால், ஈரத்தில் வயிறு பட, மேனேஜர் படுத்திருந்தார். பறவை இன்னும் உட்கார்ந்திருந்தது. அதன் தொண்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

நான் கத்தியிருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் அவர் புன்னகையோடு எழுந்து, கேமராவின் திரையை என் பக்கம் திருப்பினார். “பாருங்க சார், கண்ணுக்குள்ள நாம நிக்கறது கூட தெரியுது.” நான் பார்த்தேன். தெரிந்தது. என் படத்தைவிடப் பல மடங்கு நல்ல படம். முட்டையைப் பற்றியோ மகளைப் பற்றியோ நினைப்பதற்கு முன்னால் என் நெஞ்சில் முதலில் வந்தது அதுதான்: என்னுடையதைவிட நல்ல படம். இதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை யோசித்தேன். ஆனால் நடந்தது அதுதான்.

அந்த நேரத்தில் பின்னால் யாரோ வழுக்கி, ட்ரைபாட் சரிந்து தண்ணீரில் விழுந்தது. பறவை எழும்பி, கால்கள் தொங்க, தாழ்வாக வயலுக்கு அப்பால் பறந்து போனது.

நிலத்துக்கார அம்மா அரிவாளோடு வந்து நின்றார். எல்லாரும் கிளம்பினார்கள். போகும்போது மேனேஜர் என்னிடம், ஃபைலிலேயே இடம் இருந்ததால் நான் எல்லாரையும் கூப்பிட்டதாக நினைத்துவிட்டதாகச் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். நீங்கள் போடுகிறவரை நாங்களும் சட்டத்தை மீறியதில்லை சார் என்றார். அது உண்மைதான். அவரைத் திட்டுவதற்கு எனக்கு ஒரு வார்த்தையும் மிச்சம் வைக்கவில்லை.

நான் போகவில்லை. கோரையைப் பழையபடி நிமிர்த்திவிட்டு, முப்பது அடி தள்ளி வரப்பில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. முட்டைகள் அதிக நேரம் வெயிலில் கிடந்தால் உள்ளே இருப்பது செத்துவிடும் என்று மகள் சொல்லியிருந்தாள். கிட்டே போய்க் குடை பிடிக்கலாமா என்று தோன்றியது, கிட்டே போனால் அது வராதே என்றும் தோன்றியது. இரண்டு காக்கைகள் மின்கம்பியில் உட்கார்ந்திருந்தன. அவை இறங்கினால் எழுந்து கல் எறிந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். மனைவி ஃபோனில் சாப்பிடக் கூப்பிட்டபோது ஏதோ பொய் சொன்னேன். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. நெல்லுக்குள் ஏதாவது அசைந்தால் எழுந்து நின்று பார்த்தேன். அந்த நேரமெல்லாம் மகளின் தேர்வு முடியாமல் இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் லேபுக்குள் போவாள். குழுவில் நடந்த பேச்சைத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் பார்ப்பாள்.

மூன்றரை மணிக்கு வந்தாள். மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வந்திருக்கிறாள். தோளில் கல்லூரிப் பை, கையில் லேப் கோட். அழுதிருந்தாளா என்று தெரியவில்லை. தூரத்திலேயே நின்று கோரை மூலையைப் பார்த்தாள், மின்கம்பியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் டாக்குமென்ட், லொகேஷன், தெரியாமல் என்று ஏதேதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். காலையிலிருந்து நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் கேட்டாள். இங்கேதான், காக்காய் ஓட்டிக்கொண்டு, என்றேன்.

“நீ இங்கியே உக்காந்துனு, எழுந்துனு இருந்தா அது எப்டிப்பா வரும்?” என்றாள். குரல் உயரவில்லை.

நான் எழுந்தேன். பைக் சாவியை எடுத்து, வா போகலாம் என்றேன்.

“நீ போ. நா அந்த மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால நின்னு பாத்துக்கறேன்.” பையை இறக்காமலே நடந்தாள். நான்கு அடி போய்த் திரும்பினாள். “அது வந்துச்சா, வரலையான்னு எங்கிட்ட கேக்காத. நா சொல்ல மாட்டேன்.”